ஸ்க்ரீன்ல அரக்கு, ஆல்பத்துல பாக்கு

12 செப்டம்பர் 2023, கேள்வி

"அண்ணே, கல்யாண ஆல்பம் எடிட் பண்ணி லேபுக்கு அனுப்புறேன். என் ஸ்க்ரீன்ல பளிச்சுனு இருக்கு. பிரிண்ட் வந்து பார்த்தா இருட்டா இருக்கு, முகமெல்லாம் மஞ்சள் அடிக்குது, அரக்குப் புடவை பாக்குக் கலர்ல வந்து நிக்குது. இது மூணாவது ஆல்பம். லேப்காரர் உங்க ஃபைல்லதான் பிரச்சனைங்கிறார். லேபை மாத்தவா, மானிட்டரை மாத்தவா? நான் திண்டுக்கல்."

12 செப்டம்பர், ராத்திரி

தம்பி, ரெண்டையும் மாத்தாத. மானிட்டர் பிரைட்னஸ் எவ்வளவு வச்சிருக்க? கடையில வாங்கி வந்த அன்னைக்கு இருந்த மாதிரியே 100ல இருக்கும். அப்படின்னா அது 250, 300 நிட்ஸ் வெளிச்சம் அடிக்குது, நிட்ஸ்ங்கிறது ஸ்க்ரீன் வெளிச்சத்தை அளக்குற அலகு. மானிட்டருக்கும் லேபுக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி கலர் தரத்தை எழுதுனவங்க மானிட்டருக்கு வச்ச கணக்கே 80 நிட்ஸ்தான். எடிட்டிங்குக்கு 80ல இருந்து 120 வரை போதும். 300ல உக்காந்து பார்த்தா எந்தப் போட்டோவும் பளிச்சுனுதான் தெரியும், நீயும் கொஞ்சம் இருட்டாக்கித்தான் வைப்ப. பேப்பருக்குப் பின்னாடி லைட்டு கிடையாதே, அது ரூம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புறது மட்டும்தான்.

மீட்டர் இல்லாமலே அளக்க ஒரு வழி இருக்கு, உன்கிட்ட கேமரா இருக்கே. ஸ்க்ரீன் முழுக்க வெறும் வெள்ளையைப் போடு, ரூம் லைட்டை அணை. கேமராவை ஐஎஸ்ஓ 100, எஃப் 4, அப்பர்ச்சர் மோட்ல வை, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் சைபர்ல இருக்கணும். லென்ஸ் முழுக்க வெள்ளை நிரம்புற மாதிரி கிட்ட போய், போக்கஸை வேணும்னே கலைச்சிட்டு, மீட்டர் என்ன ஷட்டர் ஸ்பீட் காட்டுதுன்னு பாரு. அந்தக் கீழ் எண்ணை ரெண்டால பெருக்கு, அதுதான் நிட்ஸ். 1/60 காட்டுனா 120. 1/40 காட்டுனா 80. என்னோடதுல முதல்தடவை பார்த்தப்ப 1/160 காட்டுச்சு, அதாவது 320. கேனன், நிக்கான் மீட்டர்களோட கணக்கு எண் 12.5ங்கிறதால இந்த ரெண்டால பெருக்குற வித்தை வேலை செய்யுது. எஃப் 4ஓ ஐஎஸ்ஓவோ மாறுனா கணக்கும் மாறிடும், மாத்தாத.

1/60 வர்ற வரைக்கும் பிரைட்னஸைக் குறைச்சிட்டு, திரும்பி வந்து சொல்லு.

13 செப்டம்பர்

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. குறைக்க வேண்டியது பிரைட்னஸ் மட்டும்தான். கான்ட்ராஸ்ட்டுல கை வைக்காத, கம்பெனிக்காரன் வச்சபடியே இருக்கட்டும், அதைக் கூட்டுனா வெள்ளைல இருக்கிற டீட்டெயில் கரைஞ்சு போயிடும், வேட்டி மடிப்பே தெரியாது. விண்டோஸ்ல நைட் லைட் ஓடுதான்னும் பாரு. நேரம் வச்சிருந்தா பொழுது சாய்ஞ்சதும் தானா ஆன் ஆகி ஸ்க்ரீனே மஞ்சளா மாறும், நாம எடிட் பண்றதும் அந்த நேரத்துலதான். மானிட்டர்லயே கண்ணுக்கு இதமா இருக்கும்னு ஒரு மோட், சினிமா மோட், கேம் மோட், டைனமிக் கான்ட்ராஸ்ட், எல்லாத்தையும் அணைச்சிடு.

முதல் ரெண்டு நாள் ஸ்க்ரீன் செத்த மாதிரி தெரியும். பழகிடும். திரும்ப ஏத்திடாத.

13 செப்டம்பர், மதியம்

திண்டுக்கல் தம்பி அளந்து பார்த்திருக்கான், 1/125. அதாவது 250. இருட்டுக்குக் காரணம் தெரிஞ்சு போச்சு. ஆனா மஞ்சள் எங்கிருந்து வருதுன்னு கேக்குறான், நியாயமான கேள்வி. அதுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல.

19 செப்டம்பர்

ஒரு தங்கச்சி கலரிமீட்டர், அதாவது ஸ்க்ரீன் கலரை அளக்குற மீட்டர், வாங்கணுமான்னு கேட்டிருந்தாங்க. வேண்டாம்மா. பிரைட்னஸைச் சரி பண்ணி, மானிட்டர் மெனுல 6500ன்னு இருக்கிறதை (வெள்ளையோட சாயலைச் சொல்ற கெல்வின் எண், கூடக் கூட நீலம்) தேர்ந்தெடுத்து, பக்கத்துல ஒரு வெள்ளை ஏ4 பேப்பரைப் பிடிச்சு ரெண்டும் ஒரே வெள்ளையா தெரியுதான்னு பார்த்துக்கிட்டா போதும். நான் பதினோரு வருசமா அப்படித்தான் ஓட்டுறேன். அந்தக் காசுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கலாம்.

4 அக்டோபர்

மேல 19ந் தேதி நான் எழுதுனதை யாரும் நம்பாதீங்க. வாபஸ்.

நாகப்பட்டினத்துல நமக்குத் தெரிஞ்ச ஸ்டூடியோவுல ஒரு பழைய மீட்டர் சும்மா கிடந்துச்சு, இரவல் வாங்கி வந்து நேத்து அளந்தேன். மெனுல 6500ன்னு போட்டிருக்கிற அதே செட்டிங், மீட்டர்ல 7600 காட்டுது. நல்ல நீலம். பதினோரு வருசமா நான் நீலக் கண்ணாடி போட்டுக்கிட்டு மஞ்சள் பூசியிருக்கேன்னு அர்த்தம்.

எப்படின்னா, ஸ்க்ரீன் நீலமா இருந்தா முகம் வெளிறித் தெரியும். உடனே கை டெம்பரேச்சர் ஸ்லைடரைத் தேடிப் போகும், கொஞ்சம் வலதுபக்கம் தள்ளுவோம், ஸ்க்ரீன்ல முகம் சரியாயிடும். ஃபைல்ல உண்மைல ஏறுனது மஞ்சள். லேப் மெஷினுக்கு என் ஸ்க்ரீன் நீலம்னு தெரியுமா, அது ஃபைல்ல இருக்கிறதை அப்படியே அடிக்குது. அரக்குல மஞ்சள் ஏறி, இருட்டும் சேர்ந்தா என்ன கலர்? பாக்கு. தம்பி கேட்டதுக்குப் பதில் இதுதான்.

பேப்பரைப் பிடிச்சுப் பார்க்கிற வித்தையும் தப்பு. நாம வாங்குற ஏ4 பேப்பர்ல பளிச்சுனு வெள்ளையா தெரியறதுக்காக ஒரு ரசாயனம் போட்டிருப்பாங்க, அது புற ஊதாவை வாங்கி நீலமா திருப்பி விடும். வேட்டிக்கு நீலம் போடுற மாதிரிதான். அதோட ஒப்பிட்டா நீல ஸ்க்ரீனும் சரின்னுதான் தோணும். கண்ணும் அப்படித்தான், எந்த வெள்ளைக்கு முன்னாடி பத்து நிமிஷம் உக்காந்தாலும் அதையே வெள்ளைன்னு எடுத்துக்கும். பெட்ரோமாக்ஸ் லைட்டுல கூட வேட்டி வெள்ளையாத்தானே தெரிஞ்சுச்சு.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஆல்பம் குடுத்தேன், பொண்ணோட அம்மா புரட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, பொண்ணோட அத்தை மட்டும் "முகூர்த்தப் புடவை இது இல்லையே"ன்னாங்க. மண்டபத்து லைட்டுனாலன்னு சொல்லிச் சமாளிச்சேன். அவங்க சொன்னது சரி. இப்ப அந்த ஃபைலைத் திறந்தா அரக்கு தெரியல. அந்தக் குடும்பத்துக்கு முகூர்த்தப் பக்கம் நாலு ஷீட்டும் என் செலவுல திரும்ப அடிச்சுத் தர்றதா போன் பண்ணிச் சொல்லிட்டேன்.

5 அக்டோபர்

எப்படி அளந்தேன்னு நாலு பேர் கேட்டாச்சு.

மானிட்டரை அரைமணி நேரம் ஓடவிடணும், ஆன் பண்ணதும் அளந்தா வெளிச்சம் நிலையா இருக்காது. ஸ்க்ரீன் சேவரை நிறுத்தணும். டிஸ்ப்ளேகேல் சாஃப்ட்வேர் இலவசம், உள்ள ஓடுறது ஆர்கில் இன்ஜின். டிஸ்ப்ளேகேல் பழசு 2019லயே நின்னு போச்சு, ஆர்வலர்கள் புது பைத்தானுக்கு மாத்தி வச்சிருக்கிற பதிப்பு கிடைக்குது, அதைப் போடுங்க. இலக்கு: வெள்ளை டி65 (அதே 6500 வெள்ளைதான்), காமா 2.2 (கறுப்புல இருந்து வெள்ளை வரை வெளிச்சம் ஏறுற கணக்கு), வெளிச்சம் 120 நிட்ஸ்.

முக்கியமான இடம் இதுதான். சாஃப்ட்வேர் முதல்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் மூணு பட்டை காட்டும். மானிட்டர் மெனுல யூசர் கலர்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள போய் மூணையும் சமம் ஆக்கணும். என்னோடதுல சிவப்பு 100, பச்சை 95, நீலம் 83ல வந்து நின்னுச்சு. இதைச் செய்யாம சாஃப்ட்வேரே பாத்துக்கட்டும்னு விட்டா, அது கிராபிக்ஸ் கார்டு வழியா நீலத்தை வெட்டும், 256 படில முப்பது நாப்பது படி காணாமப் போயிடும். மேடை பின்னாடி கட்டுற அந்த ஊதாத் துணில, வெளிச்சம் மெல்ல மங்குற இடத்துல, பட்டை பட்டையா கோடு தெரியும். மெனுல செஞ்சா அந்தத் தொல்லை இல்ல.

அப்புறம் மீட்டரை ஸ்க்ரீன் நடுவுல ஒட்டித் தொங்கவிட்டுட்டு டீ குடிக்கப் போயிடுங்க. நூத்துக்கணக்குல கலர் சதுரம் ஒவ்வொண்ணா வந்து போகும். என் பொண்ணு பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு கலருக்கும் பேர் சொல்லிக்கிட்டே இருந்தா, ராமர் பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சைன்னு அவங்க அம்மாச்சி சொல்லிக் குடுத்ததெல்லாம். மெஷினுக்கு நம்பர்தான் இருக்கு, பேர் இல்ல.

28 அக்டோபர்

மாட்டுத்தாவணி பக்கத்துல இருந்து ஒரு தம்பி, மீட்டர் வச்சு கேலிப்ரேஷன் பண்ண பிறகு கலர் முன்னைவிட மோசம்ங்கிறார். ஸ்க்ரீன்ஷாட் வாங்கிப் பார்த்தேன். மீட்டர் குடுத்த ஐசிசி ப்ரொஃபைலை போட்டோஷாப் கலர் செட்டிங்ஸ்ல வொர்க்கிங் ஸ்பேஸா, அதாவது ஃபைலோட கலர் ஸ்பேஸா, போட்டு வச்சிருக்கார். இந்தத் தப்பைப் பலபேர் பண்றாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

அந்த ப்ரொஃபைல் உங்க மானிட்டரோட ஜாதகம். இந்த மானிட்டர்ல சிவப்பு இன்ன சிவப்பு, பச்சை இன்ன பச்சைன்னு எழுதி வச்சிருக்கும். அது விண்டோஸ்ல இருந்தாப் போதும், போட்டோஷாப்பும் லைட்ரூமும் தானா படிச்சுக்கும். உங்க ஃபைலோட கலர் ஸ்பேஸ் வேற விஷயம், அது எஸ்ஆர்ஜிபியோ அடோபி ஆர்ஜிபியோ, உலகத்துக்கே பொது. எஸ்ஆர்ஜிபி 1996ல மைக்ரோசாப்டும் எச்பியும் சேர்ந்து முன்வச்சது, 99ல சர்வதேசத் தரமாச்சு. லேப் எதிர்பார்க்கிறது அதைத்தான். ஃபைல்ல உங்க மானிட்டர் ஜாதகத்தைக் கட்டி அனுப்புனா லேப் மெஷின் அதைப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். படிக்கலைன்னா கலர் கெட்டது கெட்டதுதான்.

வொர்க்கிங் ஸ்பேஸை எஸ்ஆர்ஜிபிக்குத் திருப்பி வச்சாச்சு, அவருக்கு இப்ப சரியா இருக்கு.

இன்னொருத்தருக்கு கறுப்பே கறுப்பா இல்லாம சாம்பல் அடிச்சுது. எச்டிஎம்ஐ கேபிள்ல போட்டதும் கிராபிக்ஸ் கார்டு மானிட்டரை டிவின்னு நினைச்சு 0ல இருந்து 255 வரை அனுப்பாம 16ல இருந்து 235 வரை மட்டும் அனுப்பியிருக்கு. டிரைவர் செட்டிங்ஸ்ல புல் ரேஞ்ச்னு மாத்துனதும் தீர்ந்துச்சு. அளக்குறதுக்கு முன்னாடியே இதைப் பார்த்துடுங்க.

29 அக்டோபர்

திரும்ப அடிச்ச நாலு ஷீட் வந்தாச்சு. அரக்கு.

21 டிசம்பர்

மார்கழி. கல்யாணம் இல்ல, கை காலியா இருக்கு. ரூமைக் கவனிச்சேன்.

என் எடிட்டிங் ரூம் சுவர் அப்பா காலத்துப் பச்சை. மானிட்டருக்கு எதிர்ல இருக்கிற சுவர்ல ட்யூப்லைட் பட்டு ஸ்க்ரீன்ல பச்சை படியுது. மீட்டர் ஸ்க்ரீனை ஒட்டி உக்கார்றதால அதுக்கு இது தெரியாது, என் கண்ணுக்குத்தான் தெரியும். நடுச் சாம்பல்ல டிஸ்டெம்பர் வாங்கி எதிர்ச் சுவருக்கும் பின்சுவருக்கும் நானே ரெண்டு கை அடிச்சேன். அம்மாவுக்குப் பிடிக்கல, வீடு களையிழந்து போச்சுங்கிறாங்க. சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு எடிட் பண்றதையும் விட்டுட்டேன், மார்ல பட்ட வெளிச்சம் அப்படியே ஸ்க்ரீன்ல விழுது, லைட்டை அணைச்சு உத்துப் பாருங்க தெரியும்.

அதைவிடப் பெருசா ஒண்ணு புரிஞ்சுது. பிரிண்ட்டை நான் எந்த லைட்டுல வச்சுப் பார்க்கிறேன்? அதே பழைய ட்யூப்லைட். மலிவான லைட்டுல சிவப்பு குறைச்சல், அதுல அரக்கைப் பார்த்தா பாதி செத்த மாதிரிதான் இருக்கும். அச்சுத் தொழில்ல பிரிண்ட் பார்க்கிறதுக்குன்னே ஐஎஸ்ஓ 3664ன்னு ஒரு தரம் இருக்கு, டி50 வெளிச்சம் (5000 கெல்வின் பகல் வெள்ளை), நுணுக்கமா ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமா பார்க்க 500 லக்ஸ். அந்தப் பெட்டியெல்லாம் நமக்கு வேண்டாம். சிஆர்ஐ (கலரை உள்ளபடி காட்டுற திறன், நூத்துக்கு) 90க்கு மேல, 5000 கெல்வின்னு போட்ட எல்இடி பல்பு ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கேன். இல்லன்னா வெயில் நேரா விழாத ஜன்னலோரம், காலைல பத்து மணி.

அப்படின்னா அக்டோபர்ல நான் எல்லாப் பழியையும் மானிட்டர் மேல போட்டதும் முழுசா சரியில்ல. கொஞ்சம் ட்யூப்லைட்டுக்கும் சேரணும்.

23 டிசம்பர்

லைட்ரூம்ல போட்டோவைச் சுத்தி கருஞ்சாம்பல் இருக்குல்ல, அதுவும் கண்ணை ஏமாத்தும். இருட்டுக் கலருக்கு நடுவுல எந்தப் படமும் வெளிச்சமா தெரியும். ஆல்பம் பேப்பர் வெள்ளை. கடைசியா ஒருதடவை பின்னணியை வெள்ளையா மாத்திப் பாருங்க, ரைட் கிளிக்ல வரும். பாதிப் படம் உடனே இருட்டாத் தெரியும்.

11 ஜனவரி 2024

மயில் கழுத்துக் கலர் புடவை பத்தி ஒரு அம்மா கேட்டிருந்தாங்க, எவ்வளவு கேலிப்ரேட் பண்ணாலும் வரமாட்டேங்குதேன்னு. வராதும்மா. அதுல பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். நீலத்துல பாவும் பச்சைல ஊடையும் ஓடுனா, நேரா பார்க்கிறப்ப ஒண்ணு தெரியும், மடிப்புல சாய்ஞ்சு பார்க்கிறப்ப இன்னொண்ணு தெரியும். மணப்பொண்ணு உக்காந்திருக்கிறப்ப தொடை மேல பச்சை, முழங்கால் இறக்கத்துல நீலம். அந்த ரெண்டும் ஒரே புடவைல தெரியறதுதான் சரியான கலர். ரெண்டையும் ஒண்ணாக்கப் பாக்காதீங்க. முழுப் புடவையையும் செலக்ட் பண்ணி ஒரே நீலத்துக்கு இழுத்திருந்தாங்க ஒரு ஆல்பத்துல, பாக்கப் பாலியஸ்டர் மாதிரி இருந்துச்சு, நெசவு பண்ணவங்க பாத்தா நொந்து போவாங்க.

வாடாமல்லி கலருக்கு வேற பிரச்சனை. மண்டபத்து ஹாலோஜன்ல சிவப்புச் சேனல் முட்டிக்கிட்டு நின்னுடும், மடிப்பு எல்லாம் ஒரே தட்டையா ஆயிடும். அதுக்கு எக்ஸ்போஷரைக் குறைச்சு எடுக்கணும், எடிட்ல மீட்க முடியாது. கேமரால மூணு கலர் ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்க, கறுப்பு வெள்ளை ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக் குடுக்காது.

எங்க அம்மா கல்யாணம் 1981. ஆல்பம் முழுக்க இப்ப செம்மண் கலர். அந்தக் காலத்து கலர் பேப்பர்ல நீலப்பச்சைச் சாயம் முதல்ல மங்கிடும், அதனால சிவப்பு மட்டும் தங்கும். கூறைப்புடவை போட்டோவுல செங்கல்லு மாதிரி இருக்கும். பீரோவைத் திறந்து நிஜப் புடவையை எடுத்துக் காட்டுனாங்க, மயில் கழுத்து. மடிப்புல ஜரிகை கறுத்துப் போய் இழை விட்டிருக்கு, கலர் மட்டும் அப்படியே இருக்கு. இனி கொஞ்ச வருசத்துல புடவையும் இத்துப்போகும், அப்ப மிச்சம் இருக்கப்போறது போட்டோ மட்டும். நான் இந்த நம்பரோடெல்லாம் மல்லுக்கட்டுறது அதுக்காகத்தான்.

முகத்துக்கும் அதே. கலரா ஆக்கிக் குடுங்கன்னு கேப்பாங்க, எல்லா ஊர்லயும் கேக்குறாங்க. நான் மறுத்துடுறேன். மாநிறம் மாநிறமா வரணும், கறுப்பு கறுப்பா வரணும், அந்தப் பொண்ணோட பேத்தி ஆல்பத்தைத் திறந்து பாக்குறப்ப நம்ம ஆச்சி நம்ம ஜாடைன்னு தெரியணும். பிரைட்னஸ் 300ல வச்சு எடிட் பண்றவன் அறியாமலே எல்லா முகத்தையும் மாத்திடுறான், அதுக்கு எனக்கு ரொம்ப வருத்தம்.

18 பிப்ரவரி

அக்டோபர் 4ல போட்ட 7600 தப்பு.

நாங்க அஞ்சு பேர் காசு போட்டு ஒரு புது மீட்டர் வாங்கியிருக்கோம், கும்பகோணம் ரெண்டு பேர், தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி தலா ஒருத்தர். நேத்து அதே மானிட்டரை பழைய மெனு செட்டிங்ல வச்சு அளந்தேன், 7150. நாகப்பட்டினத்து மீட்டர் பத்து வருசத்துக்கு மேல பழசு, உள்ள இருக்கிற கலர் பில்ட்டர் ஈரத்துலயும் வயசுலயும் கெட்டுப்போற ரகம், கடல் காத்துல டிராயர்ல கிடந்திருக்கு. அது நீலத்தைக் கூட்டிச் சொல்லியிருக்கு, அதை நம்பி நான் நீலத்தை அதிகமா வெட்டியிருக்கேன். நாலு மாசமா என் ஸ்க்ரீன் இந்தப் பக்கம் சாய்ஞ்சு, லேசா மஞ்சளா இருந்திருக்கு. தை மாசத்து ரெண்டு ஆல்பம் கொஞ்சம் குளிர்ச்சியா போயிருக்கும். எடுத்துப் பார்த்தேன், புடவை சரியா இருக்கு, வெள்ளை வேட்டில மட்டும் நீலச் சாயல். திருப்பி அடிக்கிற அளவுக்கு இல்ல, ஆனா எனக்குத் தெரியுது.

புது செட்டிங்: சிவப்பு 100, பச்சை 95, நீலம் 88. சராசரி டெல்டா இ, அதாவது வரவேண்டிய கலருக்கும் வந்த கலருக்கும் உள்ள வித்தியாசம், 0.7. ஒண்ணுக்குக் கீழ இருந்தா பக்கத்துல பக்கத்துல வச்சாக்கூடக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியறது கஷ்டம். அதுக்கு மேல துரத்த வேண்டியதில்ல.

கேமரா வித்தை பரவாயில்ல. 1/60ல நிறுத்துன இடத்துல புது மீட்டர் 127 சொல்லுது. அதை வாபஸ் வாங்கல.

2 மார்ச்

தஞ்சாவூர்க்காரர் பெரிய கலர் வீச்சு இருக்கிற மானிட்டர் வாங்கியிருக்கார், எஸ்ஆர்ஜிபியை விடப் பெரிய பி3 வீச்சைக் கிட்டத்தட்ட முழுசும் காட்டுற ரகம். நம்ம புது மீட்டரை வச்சு அளந்தார், டெல்டா இ எல்லாம் அருமை, ஆனா என் மானிட்டரைப் பக்கத்துல கொண்டுபோய் வச்சா அவரோட வெள்ளைல லேசா ரோஜாச் சாயல். ரெண்டுமே டி65ன்னு ஒரே மீட்டர் சொல்லுது. ஒரு நாள் முழுக்க மண்டையை உடைச்சிக்கிட்டோம்.

விஷயம் பேக்லைட்டுல. என்னோடது சாதாரண வெள்ளை எல்இடி, நீலச் சில்லு மேல மஞ்சள் பாஸ்பர் பூசுனது. அவரோடதுல சிவப்புக்குன்னு தனி பாஸ்பர், அதோட சிவப்பு ஊசி மாதிரி ஒல்லியா வரும். கலரிமீட்டர்ல இருக்கிறது மூணு நாலு பில்ட்டர்தான், அது மனுஷக் கண்ணு மாதிரியே பார்க்காது, எந்த வகை பேக்லைட்னு நாம சொன்னாத்தான் அதுக்கேத்த திருத்தம் போட்டுக்கும். சாஃப்ட்வேர்ல அந்த லிஸ்ட்டை நாங்க பார்க்கவே இல்ல, வெள்ளை எல்இடின்னே விட்டிருந்தோம். சரியான வகையை எடுத்ததும் ரோஜா போயிடுச்சு.

டெல்டா இ நல்லா வந்தா எல்லாம் சரின்னு 18ந் தேதி எழுதுன தொனி தப்பு. அந்த எண் மீட்டர் தன்னைத் தானே சோதிச்சுச் சொல்றது. மீட்டருக்கே தப்பான திருத்தம் குடுத்திருந்தா அது தப்புக்கும் நூத்துக்கு நூறு போடும்.

இன்னொண்ணு, அந்த மாதிரி மானிட்டர்ல விண்டோஸ் டெஸ்க்டாப், சாதாரண படம் பார்க்கிற ஆப் எல்லாத்துலயும் சிவப்பு தக்காளியா எரியும். போட்டோஷாப்ல சரியா இருக்கும், வெளிய எடுத்தா முகம் சிவந்து போகும். ஆல்பம் வேலை மட்டும்னா மெனுல எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாத்திட்டு, அதுல வச்சு அளந்துக்குங்க. கல்யாணத்துக்கு அது போதும்ங்கிறது என் கட்சி, அவர் ஒத்துக்கல, இன்க்ஜெட்டுல பெரிய பிரிண்ட் போடறவருக்கு அந்த வீச்சு வேணும்தான்.

3 மார்ச்

லேப்டாப்ல எடிட் பண்றவங்க ரெண்டு பேர். விலை குறைஞ்ச லேப்டாப் விவரத்துல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு (பழைய டிவி கலர் வீச்சோட ஒப்பிடுற கணக்கு) போட்டிருந்தா அது எஸ்ஆர்ஜிபில மூணுல ரெண்டு பங்கு கூடத் தாண்டாது. இல்லாத கலரை மீட்டர் கொண்டு வராது. 72ன்னு போட்டிருந்தா ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. டிஎன்ங்கிற மலிவு ரகப் பேனலா இருந்தா தலையைத் தூக்குனா ஒரு கலர், தாழ்த்துனா ஒரு கலர். எந்தப் பக்கம் பார்த்தாலும் கலர் அதிகம் மாறாத ஐபிஎஸ் ரகத்துல ஒரு சின்ன மானிட்டரை வாங்கி வெளிய மாட்டுங்க.

27 ஏப்ரல்

லேப் பக்கம் பேசவே இல்லையேன்னு ஒரு சார் கேட்டார், அவரே லேப் வச்சிருக்கிறவர். அவர் சொன்னதைக் கேட்டுட்டு நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன். மெஷின் முன்னாடி ஆபரேட்டர் ஒருத்தர் ஒவ்வொரு ஃபைலையும் தன் கண்ணால பார்த்து வெளிச்சம், கலர் கூட்டிக் குறைச்சு விடுறார், பெரும்பாலான ஃபைல் கன்னாபின்னான்னு வர்றதால அது அவங்களுக்குப் பழக்கம். நாம அளந்து அனுப்புனாலும் அதுலயும் கை வைப்பாங்க. அதனால ஆர்டர்லயே நோ கரெக்‌ஷன்னு எழுதிக் குடுங்க, போன்லயும் சொல்லுங்க.

சோதனைக்கு ஒரு ஃபைல் வச்சிருக்கேன். ஒரு மாநிற முகம், ஒரு கறுப்பு முகம், அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, வெள்ளை வேட்டி, கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் படி, 24 கட்டம் இருக்கிற கலர் செக்கர் அட்டையோட போட்டோ. ஆறு மாசத்துக்கு ஒருதடவை அதே ஃபைலை அதே பேப்பர்ல அடிச்சு வாங்கி, பின்னாடி தேதி போட்டு வைக்கிறேன். சாம்பல் படில சாயல் தெரிஞ்சா அவங்க மெஷின் நகர்ந்திருக்கு. சாம்பல் சுத்தமா இருந்து புடவை தப்பா இருந்தா நான் நகர்ந்திருக்கேன். இது வந்த பிறகு லேபோட சண்டையே இல்ல, ரெண்டு பேரும் ஒரே பேப்பரைப் பார்த்துப் பேசுறோம்.

ஏத்துன இறக்குன கலரெல்லாம் கஸ்டமர் போன்ல வேற மாதிரித் தெரியுமேன்னு கேட்ட தங்கச்சிக்கு: தெரியும்மா. ஆளுக்கு ஒரு போன், ஒவ்வொண்ணுலயும் விவிட் மோட். அதுக்கெல்லாம் பின்னாடி ஓட முடியாது. எஸ்ஆர்ஜிபில ஜேபெக் குடுத்துட்டு, ஆல்பத்தைக் கையில குடுத்துப் பார்க்கச் சொல்லுங்க.

16 ஜூன்

திண்டுக்கல் தம்பி ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு நேர்லயே வந்துட்டான். வைகாசி முகூர்த்தம், 12க்கு 36 ஷீட். பொண்ணு வீட்டுல கேட்டு முகூர்த்தப் புடவையோட பிளவுஸ் துண்டு ஒண்ணு வாங்கி வந்திருந்தான், அவனாத்தான் யோசிச்சிருக்கான். ஜன்னலோரம் ஷீட்டை வச்சு மேல துண்டை வச்சோம். பட்டுல இருக்கிற மினுமினுப்பு பேப்பர்ல இல்ல, துண்டு ஒரு இழை ஆழமா இருக்கு. ஓரத்துல ஜரிகை மட்டும் பிரிண்ட்டுல கொஞ்சம் பச்சை தட்டுது, தங்கத்தை அந்தப் பேப்பர் பிடிக்காது. அரக்கு அரக்காவே இருக்கு. துண்டை எடுத்துட்டு அம்மாகிட்ட ஷீட்டை மட்டும் காட்டி இது என்ன கலர்னு கேட்டான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு, "அரக்கு, இதுல என்னடா கேள்வி"ன்னாங்க.

மீட்டர் இப்ப மன்னார்குடில இருக்கு. ஆடி பொறந்ததும் எனக்கு வரும், அப்ப திரும்ப அளக்கணும்.